நாற்பத்திரண்டாம் பக்கம்

இதை எழுதுகிறவன் பிசெர்காவை முதன்முதலில் பார்த்தது ஓர் அக்டோபர் மாதத்தில், விவசாயக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் சந்தில், அவளுடைய ஜெராக்ஸ் கடையில். கிராமத்திலிருந்து மொராவா ஆற்றங்கரையிலுள்ள அந்த நகரத்துக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவன் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அந்தப் பெருமையில் சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றாமல் திரிந்துகொண்டிருந்தான். சீனியர் ஒருவன் கொடுத்த நோட்டை நீட்டி, முழுதாக ஒரு காப்பி வேண்டும் என்றான்.

பிசெர்கா நோட்டை வாங்கிப் புரட்டினாள். சந்தையில் பாலாடைக்கட்டி வாங்குகிறவள் ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

“இது யார் எழுதினது? எந்த வருஷம்?”

தெரியாது என்றான்.

“யார் எழுதினதுன்னே தெரியாததை எதுக்குத் தம்பி மூணு மாசம் உக்காந்து படிக்கப்போற?”

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் இணைய முகவரி ஒன்றை எழுதித் தந்தாள். காப்பி போட வந்தவனைக் காப்பி போடாமல் அனுப்பிய கடைக்காரியை அவன் அன்றுதான் பார்த்தான்.

அந்த முகவரியில் இருந்ததை மாணவர்கள் ‘நிலவறை’ என்று அழைத்தார்கள். இணையத்தில் பிசெர்கா திறந்து வைத்திருந்த பொதுக் கோப்புறை அது. எல்லாப் பாடங்களின் நோட்டுகளும், பழைய கேள்விகளும், வகுப்புப் பதிவுகளும் அதில் கிடந்தன. அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவள் வீட்டு நிலவறை. செப்டம்பர் வந்துவிட்டால் அந்த ஊரில் எல்லா முற்றத்திலும் சிவப்புக் குடைமிளகாய் சுடுகிற வாசனைதான். தோலுரித்து, அரைத்து, மரக் கரண்டியால் மணிக்கணக்காகக் கிளறி, அய்வார் என்று ஜாடிகளில் அடைத்து, குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவித் தின்பார்கள். பிசெர்கா ஒவ்வொரு ஜாடியின் மேலும் காகித டேப்பை ஒட்டி எழுதி வைப்பாள்: எந்த வருடம், யார் தோட்டத்து மிளகாய், யார் கிளறியது. சீட்டு இல்லாத ஜாடி அலமாரி ஏறாது. கோப்புகளுக்கும் அதே சட்டம்தான். எந்தப் பேராசிரியர், எந்த ஆண்டு, யாருடைய நோட்டு, எத்தனை பக்கம் என்று பெயரிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலவறைக்குள் இடம் கிடையாது.

இதெல்லாம் கடைக்காரியின் கெடுபிடி என்றுதான் பையன்கள் நினைத்தார்கள். அவளும் அந்தக் கல்லூரி மாணவிதான் என்பது பலருக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரியவந்தது.

கடைக்கு வந்த புதிதில் பிசெர்கா தாள் எடுத்து வைக்கும் நேரத்தில் தாளைப் படித்தாள். ஒரு பக்கம் படித்தால் அடுத்த பக்கம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. இப்படியே மண்ணியலில் பாதி முடிந்துபோனது. முப்பத்துமூன்றாவது வயதில், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவியாகச் சேர்ந்தாள். வகுப்புக்குப் போக முடியாதே தவிர, வகுப்புகளின் பதிவுகள் இருந்தன. அடுப்படியில் ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாள். அவள் கணவன் திகோமிர் நகரப் பேருந்து ஓட்டுநர். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவன் காதிலும் விழுந்து விழுந்து, ஸ்ட்ராபெர்ரியில் சாம்பல் அழுகல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயணிகளுக்குச் சொல்லுமளவு தேறிவிட்டான். டிகிரி அவளுக்கு, அறிவு எனக்கு என்பான்.

எட்டாவது வருடத்தில் முப்பத்தைந்து பாடம் முடிந்து ஒரே ஒரு அரியர் மிச்சமிருந்தது. பழமரச் சாகுபடி. பேராசிரியர் ஆர்சிச்சின் பாடம். அங்கே தேர்வு என்பது பெரும்பாலும் வாய்த் தேர்வு. எல்லோர் முன்னாலும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, சீட்டு எடுத்து, வந்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆர்சிச் முன்னால் இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் பிசெர்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எட்டு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். பிறகு புதுச் சேர்க்கை, புதுப் பாடத்திட்டம், பாதிப் பாடங்கள் மறுபடி முதலிலிருந்து. அந்த வருட அக்டோபர்த் தேர்வுதான் கடைசி வாய்ப்பு.

அதற்கு முந்தைய செப்டம்பர் தேர்வில்தான் அந்தக் கூத்து நடந்தது.

தேர்வுக்குப் போன பதினொரு பேரும் மதியம் கடைக்குள் நுழைந்தார்கள். இதை எழுதுகிறவனும் அதில் ஒருவன். லெஸ்கோவாட்ஸ் ஊர்ப் பக்கத்துப் பெண் நெவெனாதான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

முதல் ஆளுக்கு அக்ரூட் சீட்டு வந்தது. தோப்புப் போட மரத்துக்கு மரம் எவ்வளவு இடைவெளி விடுவாய் என்று ஆர்சிச் கேட்டார். அரை மீட்டர், வரிசைக்கு வரிசை இரண்டரை மீட்டர், கம்பம் நட்டு மூன்று கம்பி இழுத்துக் கிளைகளை அதில் கட்ட வேண்டும் என்று அவன் கடகடவென்று ஒப்பித்தான். அப்படியா என்று மட்டும் சொன்னார் பேராசிரியர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதனால் காத்திருந்த பத்துப் பேருக்கும் தெம்பு வந்துவிட்டது. அடுத்தவனிடம் அவன் சீட்டிலுள்ளதைக் கேட்டுவிட்டு, அக்ரூட்டையும் கேட்டார். அரை மீட்டர். மூன்று கம்பி. அதற்கடுத்தவளிடமும் கேட்டார். அரை மீட்டர். மூன்று கம்பி. நெவெனா ஐந்தாவது ஆள். அவளிடம்தான் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அங்கே பேராசிரியர்கள் மாணவரைக் ‘கொலேகா’ என்று விளிப்பார்கள், சகா என்ற பொருளில். ஆர்சிச் அப்படி அழைத்தால் அதில் மரியாதையைவிட எச்சரிக்கைதான் அதிகம்.

“கொலேகா, உங்க வீட்டு முற்றத்துல அக்ரூட் மரம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“அதை எந்தக் கம்பியில கட்டியிருக்கீங்க?”

நெவெனா வீட்டு மரத்தின் நிழலில் அவள் அண்ணன் கல்யாணத்துக்கு எண்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

பதினொரு பேரில் ஒன்பது பேர் கிராமத்துப் பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் அந்த மரம் இருந்தது. அதில் ஏறி விழுந்து கை உடைத்துக்கொண்டவன்கூட இருந்தான். ஆனாலும் அத்தனை பேரும் அரை மீட்டர் என்றார்கள், ஏனென்றால் நிலவறையில் அப்படித்தான் இருந்தது. ஆர்சிச் எல்லோரையும் அக்டோபருக்கு வரச் சொல்லிவிட்டார். வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: அடுத்த முறை யார் வந்தாலும் இந்தக் கேள்வி உண்டு, அப்புறம், இந்தக் கோப்பைத் தயாரித்த கைகாரரை ஒரு முறை பார்க்க வேண்டும்.

அரை மீட்டர், மூன்று கம்பி என்றுதான் பிசெர்காவும் படித்திருந்தாள்.

பிள்ளைகள் போனதும் கணினியில் நிலவறையைத் திறந்தாள். பழமரச் சாகுபடிக்கு நான்கு கோப்புகள் இருந்தன. மூன்றுக்குச் சீட்டு ஒழுங்காக இருந்தது. நான்காவதன் பெயர் ‘கடைசி_புதுசு’. ஆண்டு இல்லை, ஆள் இல்லை, பக்க எண்ணிக்கை இல்லை. அதைத்தான் எல்லோரும் இறக்கியிருந்தார்கள். கடைசி என்றும் புதுசு என்றும் ஒருசேரப் பெயர் வைத்த ஒன்றை எந்த மாணவன் விடுவான்?

பக்கம் பக்கமாகப் போனாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் ‘அக்ரூட்: நடவு’ என்ற தலைப்பும் மண்ணைப் பற்றி இரண்டு வரியும் இருந்தன. அடுத்த பக்கம் இடைவெளியில் தொடங்கி, கம்பி கட்டுவதில் போனது. அதன் மூலையில் எண் நாற்பத்துமூன்று. இடையில் ஒரு பக்கம் காணோம். நாற்பத்துமூன்றில் இருந்தது ராஸ்பெர்ரிச் செடியின் கணக்கு. அதன் தலைப்பு காணாமல் போன பக்கத்தோடு போய்விட்டது.

இத்தனை பேர் கண்ணில் இது படாமல் போனதற்குக் காரணம் இருந்தது. யாரும் அதைப் பக்கம் பக்கமாகப் படிக்கவில்லை. தேடு கட்டத்தில் ‘அக்ரூட்’ என்று போட்டால் அந்தத் தலைப்பு வந்து நிற்கும். கீழே நாலு வரியை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த சொல்லைத் தேடப் போய்விடுவார்கள். பேருந்திலும், வரிசையில் நிற்கும்போதும், சாப்பிடும்போதும் படித்தார்கள். அவளும் அப்படித்தான். ஒரு நோட்டில் பக்க எண் என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள்.

யார் ஸ்கேன் செய்தது என்று பார்க்க நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பெரிதாக்கினாள். வலது ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது, ஆரஞ்சுச் சிவப்பில், எண்ணெய் மினுமினுப்போடு. பக்கத்திலேயே கருகிய தோலின் ஒரு துணுக்கு. கோப்பின் தேதியைப் பார்த்தாள். போன வருடம், செப்டம்பர் இருபத்துமூன்று.

அன்றைக்குக் கடைக்குப் பின்புறம் அவர்கள் நாற்பது கிலோ மிளகாய் சுட்டார்கள். யாரோ ஒரு மாணவி அவசரம் என்று நோட்டைக் கொண்டுவந்தாள். பிசெர்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, தாள்களை ஸ்கேனர் தானே இழுத்துக்கொள்ளும் தட்டில் வைத்துவிட்டு, அடுப்பில் கிளறல் அடிப்பிடிக்கும் என்று திரும்ப ஓடினாள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போயிருக்கின்றன. ஒட்டவைத்தது அய்வார்.

மாலை திகோமிர் வேலை முடிந்து வந்தபோது அவள் அந்தக் கட்டைவிரலைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் குனிந்து பார்த்தான். தன் பெண்டாட்டியின் விரல் அவனுக்குத் தெரியாதா?

“ஓரத்தை வெட்டிடு. மவுஸால ரெண்டு தட்டு, முடிஞ்சுது. கோப்பை மாத்தி வச்சா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“உனக்குத் தெரிஞ்சா என்ன? நீயா தேர்வு வைக்கிற?”

அவன் சொன்னதில் பாதி விளையாட்டு, பாதி நிஜம். மூன்று வாரத்தில் அவள் அதே மனிதர் முன்னால் உட்கார வேண்டும். அந்தக் கைகாரி இவள்தான் என்று அவர் காதில் விழுந்தால் எட்டு வருடமும் அந்த மேசையிலேயே முடிந்துபோகலாம். மாணவர்களின் வைபர் செயலிக் குழுவில் எதைப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் ஆர்சிச்சுக்குப் போய்விடும். அவருடைய உதவியாளனும் அந்தக் குழுவில் உண்டு. மறுபுறம், பதினொரு பேர் அக்டோபருக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டதென்றால் வேறெங்கே என்ன ஒட்டியிருக்கிறதோ என்று நிலவறை முழுவதையும் இனி யார் நம்புவார்கள்?

அவள் அடுப்பை மூட்டி, காப்பி போட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, படத்தை ஓரம் வெட்டாமல் அப்படியே குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: ‘விரல் என்னுது. மிளகாயும் என்னுது. நாற்பத்திரண்டாம் பக்கத்தை நான்தான் தொலைச்சேன். மன்னிச்சிருங்க. என்னையும் நம்பவேண்டாம், இனி ஒவ்வொருத்தரும் சரிபாருங்க.’

பத்து நிமிடம் கழித்து நெவெனா, அந்த அய்வார் காரமா இனிப்பா என்று கேட்டிருந்தாள். அதோடு எல்லோரும் சகஜமாகிவிட்டார்கள்.

எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் சண்டை வந்தது. கல்லூரி மின் நூலகத்தில் பாடநூல் இருந்தது. நான்கு வருடமாகக் கடவுச்சொல் வைத்துக்கொண்டு ஒருவனும் அதைத் திறந்ததில்லை. இப்போது திறந்தார்கள்: பத்து மீட்டர். ஆர்சிச்சின் வகுப்புப் பதிவு இருந்தது. வழக்கமான வேகத்தில் வைத்துக் கேட்டபோது, முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அவரே சொல்கிறார்: பத்து, நல்ல மண்ணானால் பன்னிரண்டு. ஒன்றரை மடங்கில் ஓடவிட்டபோது அந்த வாக்கியம் ஓர் இருமலோடு சேர்ந்து ஓடிவிட்டிருந்தது. இரண்டு சாட்சி கிடைத்தது. நெவெனாவுக்குப் போதவில்லை. வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தை எத்தனை தடவை கேட்பது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழு முழுக்க அக்ரூட் மரமாகிப்போனது. ஒவ்வொருவர் வீட்டு முற்றத்திலும் அப்பாவோ மாமாவோ மரத்து நிழலுக்குக் குறுக்கே அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, கேமராவைச் சந்தேகமாகப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு படத்தில் டேப்பின் நடுவே கோழி உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் டேப் போதாமல் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து அளந்திருந்தார்கள். பிசெர்கா ஓர் இணைய அட்டவணை திறந்து கட்டம் போட்டுக் கொடுத்தாள்: எந்த ஊர், யார் மரம், என்ன வயது, நிழல் எத்தனை மீட்டர், அளந்தது யார். இதை எழுதுகிறவனின் அப்பா காலடியால் ஒரு முறை, டேப்பால் ஒரு முறை அளந்துவிட்டுக் கேட்டார்:

“அக்ரூட் மரம் பெரிசுன்னு கண்டுபிடிக்கத்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேனா?”

ஆனாலும் அன்று மாலை அவரே பக்கத்து வீட்டு மரத்தையும் அளந்து, கேட்காமலே படம் அனுப்பியிருந்தார். மூன்று வாரத்தில் அட்டவணையில் நாற்பத்துமூன்று மரங்கள் சேர்ந்தன. நாற்பத்திரண்டோடு நிறுத்தியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்று திகோமிர் வருத்தப்பட்டான். அவன்தான் பேருந்து பணிமனை வாசலிலுள்ள மரத்தை அளந்து நாற்பத்துமூன்றாக்கியவன்.

அக்டோபர் தேர்வன்று பதினொரு பேரும் முன்னால் போனார்கள். அவரவர் சீட்டுக்குப் பதில் சொன்னார்கள். அக்ரூட் கேள்வி வந்ததும் இடைவெளியைச் சொல்லி, எங்கே படித்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆர்சிச் அவரவர் மாணவர் கையேட்டில் மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினொருவரும் தேறினார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசி ஆள் பிசெர்கா.

சீட்டில் சீமைமாதுளை நோய்களும் ஸ்ட்ராபெர்ரிப் பாத்தியும் வந்தன. முதலில் நாக்கு ஒட்டியது. அடுப்படியில் திகோமிர் பயணிகளுக்குச் சொல்வதாக நடித்துக் காட்டுவது ஞாபகம் வந்து, பிறகு ஓடியது. பேராசிரியர் குறுக்கிடவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். பின்வரிசையில் நெவெனா தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்ரூட்டுக்கு எவ்வளவு இடைவெளி, கொலேகா?”

“பத்து மீட்டர். நல்ல மண்ணுன்னா பன்னிரண்டு. பாடநூல் சொல்லுது, உங்க ஒன்பதாவது வகுப்புப் பதிவுல முப்பத்தெட்டாவது நிமிஷத்துல நீங்களும் சொல்றீங்க. நாற்பத்துமூணு மரம் அளந்தோம். வளந்த மரத்துல நிழல் எட்டு மீட்டருக்குக் குறைஞ்சது ஒண்ணுகூட இல்ல.” ஃபோனை மேசையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். “அந்தக் கோப்பு என்னுது சார். நீங்க பார்க்கணும்னு சொன்ன ஆள் நான்தான்.”

“தெரியும். விரலைப் பார்த்தேன்.”

அட்டவணையை நிதானமாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கோழி உட்கார்ந்த படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ‘அளந்தது யார்’ என்ற கட்டத்தைக் காட்டி, இது யார் யோசனை என்று கேட்டார். ஜாடிக்கு எழுதுகிற பழக்கம் என்றாள். அப்படியானால் அந்த ஒரு ஜாடிக்கு ஏன் எழுதவில்லை என்றார். அன்றைக்குக் கை ஈரம் என்றாள். பின்வரிசை சிரித்ததில் ஆர்சிச்சின் வாயோரமும் லேசாக அசைந்தது.

கையேட்டை இழுத்து எழுதினார். பத்துக்கு ஒன்பது.

“பத்துதான் போட்டிருப்பேன். நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு ஒண்ணு கழிச்சுட்டேன்.”

“நியாயம்தான் சார்.”

“அந்த அட்டவணையை எனக்கு அனுப்புங்க. அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்குக் காட்டணும். பேர் ஒழுங்கா வச்சு அனுப்புங்க.”

அவள் வெளியே வந்தபோது வாசலில் நகரப் பேருந்து ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்தத் தடத்துக்கு அங்கே நிறுத்தமே கிடையாது. திகோமிர் சன்னல் வழியாக ஒற்றை விரலைத் தூக்கி, என்ன ஆயிற்று என்று சைகையால் கேட்டான். அவள் இரண்டு கையிலும் சேர்த்து ஒன்பது விரலைக் காட்டினாள். மடக்கியிருந்த பத்தாவது, வலது கட்டைவிரல். அவன் ஹாரனை அழுத்தினான். உள்ளே இருந்த பயணிகள், அதில் பாதிப் பேருக்கு ஸ்ட்ராபெர்ரி அழுகலைப் பற்றி ஏற்கெனவே தெரியும், கை தட்டினார்கள்.

பிசெர்காவுக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. காலையில் ஜெராக்ஸ் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். வாரத்தில் மூன்று மதியம் கல்லூரி மின் நூலகத்தில் வேலை செய்கிறாள். பட்டச் சான்றிதழ் ஸ்கேனருக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதன் சட்டத்தில் ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டி, வருடத்தையும் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள்.